சடையன் அடைத்த இடைவெளி

கரியாலூர்ப் பக்கத்து மலையூர் ஒன்றில் பள்ளிக்கூடம் கட்டியபோது, கொத்து வேலைக்கு உள்ளூர்ச் சடையனையே எடுத்தார்கள். அதுவரை காங்கிரீட் வேலை என்றால் கள்ளக்குறிச்சி ஆட்கள்தான். இனி ஊர்ப் பெண் பிள்ளைகள் காட்டு வழியில் ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டாம். அந்தப் பள்ளியைத் தன் கையால் கட்டுகிறோம் என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்து அறைக்கும் சேர்த்து நீளக் கூரை. நடுவில் ஓர் அங்குலம் விட்டு, அதில் தெர்மாகோல் வைக்கச் சொன்னார் இன்ஜினியர். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. மழைக்கு முன்னால் வீட்டில் ஒரு சந்து விடாமல் மண் குழைத்து அடைப்பது மலை வழக்கம். அடைக்காதவனை ஊரே சோம்பேறி என்று ஏசும். பிள்ளைகள் மேல் பூரான் விழுமே என்று, பூச்சு வேலையின் கடைசி நாளில் தெர்மாகோலைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சிமென்ட்டால் இறுக அடைத்தான் சடையன். அந்த அக்கறைதான் குடியைக் கெடுத்தது.

வெயிலில் காங்கிரீட்டும் உள்ளிருக்கும் கம்பியும் சேர்ந்தே நீளும். மலைக்குளிரில் சேர்ந்தே சுருங்கும். நீளுவதற்கு இடமில்லாத கூரை சுவரை முட்டித் தள்ளியது. சுருங்கும்போது இழுபட்டு வெடித்தது. எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும் காங்கிரீட், கொஞ்சம் இழுத்தால் தாங்காது. முதல் கோடையில் மயிரிழை அளவு விரிசல். சடையன் பூசினான். அடுத்த கோடையில் விரல் நுழைந்தது. மறுபடியும் பூசினான், பைத்தியக்காரன். மூன்றாம் வருஷம் மழைத்தண்ணீர் இறங்கிக் கம்பி துருவேறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தது. அவன் மகள் மலர்விழி உட்காரும் பெஞ்சின்மேல்.

"இந்த கேப்ப அடைச்சது யாரு?" என்றார் மறுநாள் வந்து பார்த்த இன்ஜினியர்.

எல்லாரும் சடையனோடு கொத்து வேலை பார்த்த கந்தசாமியைப் பார்த்தார்கள். சடையன் வாயைத் திறந்தால் அப்புறம் யார் அவனை வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

"நான்தாங்க," என்றான். "பூச்சி வருமேன்னு அடைச்சேன். இன்னா செஞ்சா சரியாவும், சொல்லுங்க. கூலியே வாணாம்."

"ஒண்ணும் பண்ண முடியாதுப்பா. இடிக்கணும்."

பள்ளியை அன்றே பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் பழையபடி அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். நான்கு வீட்டில் பெண் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். சடையன் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டான்.

"படிப்ப நிறுத்தாதீங்க. தெனமும் நானே கூட்டிக்கினு போயி கூட்டிக்கினு வரேன்."

மூன்று வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்கள். நான்காம் வீட்டு அம்மாசி வாசலுக்கு வந்தாள்.

"ஒன்ன நம்பித்தான் மூணு வருசமா அனுப்பனேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.