சரோஜா மேடம் நடத்தியது சாஃப்ட் ஸ்கில்ஸ் இல்லை

சரோஜா மேடம் போய்விட்டார். காலையில் கட்கியிலிருந்து அவர் தம்பி போன் செய்தார். மூச்சுத் திணறல்... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

மதியம் கல்லூரியின் மெயில் வந்தது. 'நமது சாஃப்ட் ஸ்கில்ஸ் பாடத்தின் முன்னோடி' என்று இரங்கல். வெளியே அனுப்பியவர்களே கௌரவிக்கிறார்களாம்!

தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே புனேயில் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் இருவரும் வேலை பார்த்தோம். நான் கோவையிலிருந்து வந்த கணக்கு டீச்சர். அவர் இங்கேயே கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். முதலாண்டில் எல்லோருக்கும் கட்டாயமாக இருந்த 'சமூகமும் சட்டமும்' பேப்பர் அவருடையது.

ஒரு முறை கசார்வாடியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு மாணவர்களை அழைத்துப் போனார். துணைக்கு நானும் போனேன். பிரஸ் மெஷினில் விரல்களை இழந்த ஒருவர் அங்கே இருந்தார். வேலை வேகமாக நடக்கட்டும் என்று முதலாளி மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தாராம்.

யார் பொறுப்பு என்று எழுதச் சொன்னார் மேடம். பாதிப் பேர் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார்கள். அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹிந்தியில் கத்தினார். "அரே, இதை அந்த ஆளோட முகத்துக்கு நேரா சொல்வீங்களா? நாளைக்கு அந்த மெஷினுக்கு நீங்கதானே இன்ஜினியர்?"

இதைப் படிக்காமல் ஒருவன் இன்ஜினியர் ஆகலாமா? தாராளமாக ஆகலாம் என்றது நிர்வாகம்.

ஊருக்கு வெளியே ஹிஞ்சேவாடியில் ஐ.டி. கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்தன. "அவங்க கேக்கறது இங்கிலீஷும் பர்சனாலிட்டியும். சட்டத்தை வச்சு என்ன பண்றது?" என்றார் டைரக்டர் மீட்டிங்கில்.

மேடம் எழுந்தார். "கம்பெனியைக் கேட்டீங்க. பசங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்னு யாரைக் கேட்டீங்க?"

டீ வந்தது. பேப்பர் போனது.

அந்த வகுப்புகளைக் கணக்குக்குத் தருகிறோம் என்றார்கள் என்னிடம். கணக்கு போதும், அந்தப் பேப்பர்தான் வேண்டும் என்றேன். சிரித்தார்கள்!

மேடத்துக்கு, சாஃப்ட் ஸ்கில்ஸ் என்ற பெயரில், டை கட்டவும் கை குலுக்கவும் இன்டர்வியூவில் உட்காரவும் சொல்லித்தரும் வேலை. எடுத்தார்... தன் பாணியில். "கடைசியில ஏதாவது கேக்கணுமான்னு கேப்பாங்க. சும்மா சிரிச்சுட்டு வராதீங்க. கேளுங்க."

வைஷாலி என்ற மாணவி கேட்டாள். நைட் ஷிஃப்ட் முடிந்தால் பெண்களுக்கு வீட்டுக்குப் போக கேப் உண்டா, கூட செக்யூரிட்டி வருவாரா என்று. அவ்வளவுதான். அவளை எடுக்கவில்லை. கம்பெனியிலிருந்து டைரக்டருக்குப் புகார் வேறு... ஸ்டூடண்ட்ஸ் ஆட்டிட்யூட் சரியில்லையாம். வீடு பத்திரமாகப் போய்ச் சேர நினைப்பது ஆட்டிட்யூடா?

அந்த செமஸ்டரோடு மேடத்தின் வேலை போனது.

கடைசி நாள் கேன்டீனில் சாய் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். தன் வேலையைப் பற்றி அவர் பேசவே இல்லை.

"அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைக்கலையே... என்னாலதானே?"

"உங்களால இல்லீங்க மேடம். குடுக்காதவங்கதானுங்க வெக்கப்படணும்."

"டீக் ஹை, சரிதான். ஆனா அவ அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?"

அன்றைக்கே போபோடியில் அவள் வீட்டுக்குப் போனார். அம்மா வாசலில் வைத்தே திட்டித் தீர்த்தாராம். இவர் கேட்டுக்கொண்டு நின்றாராம்.

வைஷாலிக்குப் பிறகு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. சற்றுமுன் போனில் அவளுக்கு விஷயத்தைச் சொன்னேன். மராத்தியில் மெதுவாகச் சொன்னாள். "அவங்க சொல்லிக் குடுக்கலைன்னாலும் நான் அதைக் கேட்டிருப்பேன் மேடம். இதை அவங்ககிட்ட சொல்லணும்னு இத்தனை நாளா..."

சாயங்காலம் கட்கியில் எடுக்கிறார்கள். நானும் அவளும் போகிறோம்.

போய் வாருங்கள், மேடம்.