ராகலையில் நாடில்லாத தங்கம்

ஞாயிறு, விடிகாலை ஐந்தரை. கொழும்புக் கோட்டை ரயில் நிலைய வாசலில் என் பையைச் சோதித்த சிப்பாய்க்கு உள்ளே துணியைவிடக் காகிதம் அதிகமிருந்தது பிடிக்கவில்லை. என்ன இது என்றார். சட்டம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எந்த நாட்டுச் சட்டம் என்றார். ஏழெட்டு நாட்டுது என்றேன். ஒரு தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பாவம் என்கிற மாதிரி என் முகத்தையும் ஒருதரம் பார்த்து உள்ளே விட்டார்.

2007 ஆகஸ்ட் மாதம் அது. திருச்சியில் கணினிப் படிப்பை முடித்து, சென்னையில் ஆறு மாதம் வேலை பார்த்து, அதற்குள் எல்லாம் சலித்துப்போயிருந்தது எனக்கு. சலிக்காதது ஒன்றுதான்: இணையப் பணம். எங்கேயோ ஒரு பெட்டகத்தில் தங்கம் இருக்கும். அதில் உங்கள் பங்கு இத்தனை கிராம் என்று திரையில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் நொடியில் அனுப்பலாம். ராஜா தலை இல்லை, சிங்க முத்திரை இல்லை, எந்த அரசும் அச்சடிக்கவில்லை. அதனாலேயே எந்த அரசுக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அமெரிக்காவில் அப்படி ஒரு நிறுவனத்தின் மீது வழக்கே போட்டுவிட்டார்கள். நார்வேயில் தடுப்பார் இல்லை. இந்தியாவில் நான் இரண்டு வங்கியில் கேட்டேன், இரண்டு பதில் கிடைத்தது.

இலங்கையில் எப்படி என்று இணைய மன்றத்தில் ஒரு பெண் தமிழில் கேட்டிருந்தாள். ஏழு பத்தி பதில் எழுதினேன். ஏழு பத்தியிலும் பதில் இல்லை என்று அவள் ஒரே வரியில் எழுதினாள். அந்த வரியை எழுதிய திலகேஸ்வரியைப் பார்க்கத்தான் திருச்சியிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தேன்.

ரயில் நாவலப்பிட்டி வரை ரயில் மாதிரியே ஓடியது. அதற்கப்புறம் அது மேகத்துக்குள் ஏறுகிற ஏதோ ஒன்றாக மாறிவிட்டது. வட்டவளை தாண்டி றொசல்லயில் நின்றபோது நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் தெரிந்தது, நிலையம் தெரியவில்லை. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து ஆட்களுக்கிடையில் உட்கார்ந்தது. எதிரே இருந்த ஹட்டன் அம்மா ஒருவர் எனக்கு இரண்டு வடை கொடுத்துவிட்டு, "எந்தத் தோட்டத்துக்குப் போறீங்க?" என்று கேட்டார். ராகலைப் பக்கம் என்றேன். "அங்க யாரு இருக்காங்க?" யாரும் இல்லை, தெரிந்த பெண் ஒருத்தி, ஆனால் பார்த்ததில்லை என்றேன். அவர் என் கையிலிருந்த இரண்டாவது வடையைப் பார்த்தார். திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தாரோ என்னவோ.

நானுஓயாவில் இறங்கும்போது மதியம் ஒன்று. அங்கிருந்து நுவரெலியா எட்டுக் கிலோமீட்டர், பிறகு கந்தப்பளை வழியாக ராகலை இருபதுக்குச் சற்று மேல். இரண்டாவது பேருந்துக்கு முப்பத்தைந்து ரூபாய். நம் காசில் பதின்மூன்று. வழியெல்லாம் ஒருபுறம் தேயிலை, மறுபுறம் லீக்ஸும், கோவா என்கிற முட்டைக்கோஸும். காய்கறிப் பாத்திகள் பனிக்குள் பாதியில் முடிந்துபோயின. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இப்போதும் நிச்சயமில்லை.

திலகா என்னைவிட இரண்டு வயது இளையவள். ராகலை பஜாரில் "கொமியூனிகேஷன்" ஒன்றைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே அப்படிச் சொன்னால் தொலைபேசி, போட்டோ கொப்பி, இரண்டு கணினி, ஒரு பெஞ்சு உள்ள கடை என்று பொருள். கடை முதலாளி நிமல் ஐயாவினுடையது. அவர் மகனோடு கம்பஹாவுக்குப் போகிறார். திலகா வாங்கிக்கொண்டால் எல்லாம் அவளுக்கு. இல்லாவிட்டால் கணினிகளைக் கண்டிக்கு விற்றுவிடுவார்.

"மாசக் கடைசி வரைக்கும் தங்கச்சி," என்று நான் நிற்கும்போதே அவர் சிங்களத் தமிழில் சொன்னார். "நான் நல்ல மனுசன். ஆனா லொறிக்காரன் நல்ல மனுசன் இல்ல, அவன் ஒண்ணாந் தேதி வாறான்."

வாங்கப் பணம் திலகாவிடம் இருந்தது. இணையத் தங்கமாக இருந்தது. நார்வேயில் ரமணன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் பழைய தமிழ்ப் புத்தகங்களை இணையத்தில் ஏற்றுகிறார். அவருக்காக இவள் ஒன்றரை வருடமாகத் தட்டச்சு செய்கிறாள். சின்னத் தொகையை வங்கியில் அனுப்பினால் பாதி செலவிலேயே போய்விடும் என்று அவர் கிராம் கணக்கில் அனுப்பிவந்தார். மாற்றித் தருகிற தரகர்கள் இணையத்தில் உண்டு. ஆனால் முகம் தெரியாத தரகரிடமிருந்து ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணின் கணக்குக்கு அந்த வருடத்தில் பணம் வந்து விழுந்தால், முதலில் வங்கி கேட்கும், அப்புறம் வேறு ஆட்கள் கேட்பார்கள். போர் வடக்கில் நடந்தது. சோதனைச் சாவடி மலையிலும் இருந்தது.

மாலை லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, நடந்தோம். அவள் வீடு வரிசையில் நான்காவது காம்பரா, ஒற்றை அறை. அம்மா மாரியாயி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் அந்தத் தங்கத்தப் பத்திப் படிச்சவங்களா? காதுல போட முடியுமா அத?"

"முடியாதும்மா."

"அடகு வைக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப எதுக்கு தங்கம்னு பேரு? நாளைக்கு நானும் கண்ணுக்குத் தெரியாத கொழுந்து எடுத்துட்டேன்னு கணக்கப்புள்ளகிட்ட சொல்லிப் பாக்குறேன்." பக்கத்துக் காம்பராவிலிருந்தும் சிரிப்புக் கேட்டது, சுவர் அவ்வளவு மெல்லியது. ஆனால் தேநீரைக் கையில் தரும்போது அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணாந் தேதி கடை இல்லைன்னா இவ பேரத் தோட்டத்துல பதியணும். பெரட்டுக்குப் போகணும். வேற என்ன இருக்கு இங்க?"

பெரட்டு என்பது காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம். திலகா அந்த நேரம் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை. நுவரெலியா வங்கிக்குப் போய் நேராகக் கேட்டுவிடலாம் என்றது நான்தான். கேள்வி கேட்பதில் என்ன குற்றம்? பேருந்தில் என் தாள்களை அவளுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். இந்த நாட்டில் இது பண்டம், அந்த நாட்டில் இது பணம், இன்னொன்றில் இரண்டும் இல்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடி கேட்டாள்.

"அக்கா, எங்க அப்பாவுக்குப் பிரஜாவுரிமை வந்து நாலு வருசந்தான் ஆகுது. பொறந்தது இங்க, தேயிலை வெட்டுனது இங்க. ஆனா ஒங்க நாடும் இல்ல, இந்த நாடும் இல்ல. நாப்பத்தெட்டுல பறிச்சதத் திருப்பிக் குடுக்க, மனுசனுக்கே அம்பத்தஞ்சு வருசம் யோசிச்சாங்க. காசுக்கு மாசக் கடைசிக்குள்ள சொல்லிருவாங்களா?"

நான் தாள்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். பேருந்து வளைவுகளில் மிதந்துபோனது. கீழே எங்கோ ஒரு கோயில் மணி கேட்டது, கோயில் தெரியவில்லை.

வங்கியில் வெளிநாட்டுப் பணப் பிரிவு அதிகாரி யாழ்ப்பாணத்தவர். ஐம்பது வயதிருக்கும், ஸ்வெட்டருக்கு மேல் கோட்டுப் போட்டிருந்தார். திலகா சொன்னதை முழுவதும் கேட்டார்.

"சரி. எந்த நாட்டுக் காசு பிள்ளை?"

"நாடு இல்லீங்க சேர்."

"நாடில்லாத காசை நான் எந்தக் கட்டத்துக்குள்ள எழுதுறது?"

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதுதான் உலகம் முழுக்க உள்ள சிக்கல் என்று ஆரம்பித்து, நாடு நாடாகச் சொன்னேன். முடிவாக, தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு ஒரு தீர்ப்பு வாங்குங்கள், இவள் பெயரிலேயே எழுதுங்கள், இலங்கைக்கே முதல் தீர்ப்பாக இருக்கும் என்றேன். மேசைக்கடியில் திலகா என் தொடையைக் கிள்ளினாள். நன்றாக வலித்தது.

அதிகாரி திறந்திருந்த பேனாவை மூடினார்.

"தங்கச்சி இந்தியாவோ? ம். நான் இதை எழுதினா, பதில் வராது. ஆக்கள் வருவினம்."

சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒரு வயோதிகர் சிங்களத்தில் ஓய்வூதியம் பற்றி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த தாள்கள் திடீரென்று கனத்தன. ஏழெட்டு நாட்டுச் சட்டம் படித்தவளுக்கு, எழுதப்படாத ஒன்று எப்படி வேலை செய்யும் என்று தெரிந்திருக்கவில்லை.

"அனுமதிச்சிருக்கெண்டும் இல்லை, தடுத்திருக்கெண்டும் இல்லை," என்றார் அவர் குரலைத் தணித்து. "அங்க அது பிரச்சினை இல்லையெண்டால் அங்கயே மாத்தலாம்தானே? அந்தப் பெடியனுக்கே எல்லாத்தையும் திருப்பி அனுப்பும். அவன் தன்ர நாட்டுக் காசாக்கி, வேலைக்குச் சம்பளமெண்டு கடிதமும் வைச்சு, வங்கியால அனுப்பட்டும். நான் 'நோர்வே' எண்டு எழுதுவன். ஒரு கேள்வியும் இல்லை."

"அனுப்புனா திரும்பி எடுக்க ஏலாது சேர்," என்றாள் திலகா. "ஒன்றரை வருச வேலை. அவர நான் பாத்ததுகூட இல்லைங்க."

"எந்த ஊர் அவன்?"

"கரவெட்டின்னு எழுதுவாரு."

"கரவெட்டியில எங்க? ஆற்ற மகன்?" யாருடைய மகன் என்று கேட்டார்.

"அது தெரியாதுங்க. அம்மா கணக்கு டீச்சராம். நான் பிழை விட்டா, எங்கம்மாகிட்ட நீங்க படிச்சிருக்கணும்னு மெயில்ல எழுதுவாரு."

அதிகாரியின் முதுகு நிமிர்ந்தது. "மகன் நோர்வே, தாய் கணக்கு. கமலாம்பிகை ரீச்சர்! அவவின்ர கடைசிப் பெடியன். எனக்கும் அடிச்சவ." இடது உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். காசின் நாட்டைக் கண்டுபிடிக்க முடியாத மனிதர், அனுப்பினவரின் தாயை மூன்றே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார். அந்த அம்மாள் இப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் மகளோடு இருக்கிறாராம். அதிகாரி தொலைபேசியை இழுத்து எண்ணைச் சுழற்றியபோது, அரசாங்க நேரத்தில் ஒரு பெரிய மனிதர் மாணவனாக மாறுவதை நேரில் பார்த்தேன்.

"ரீச்சர்... ஓம், ஓம், சுகம். இல்லை, இப்ப கணக்குப் பிழைக்கிறேல்லை." நாங்கள் இருப்பது நினைவுக்கு வந்து திரும்பி உட்கார்ந்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். நெடுநேரம் கேட்டார். ரிசீவரை வைத்துவிட்டு மொழிபெயர்ப்பதுபோலச் சொன்னார்: "அவன் குடுப்பானாம். குடுக்காட்டி ரீச்சரே குடுப்பாவாம். பிள்ளையின்ர தட்டச்சில 'ள', 'ழ' பிழை குறைவெண்டு மகன் சொன்னவனாம்."

மாலை லயத்துக்குத் திரும்பியதும் திலகா அம்மாவிடம் எல்லாம் சொன்னாள். அம்மா மாதம் ஒருவர் எடுக்கிற சீட்டு நடத்துகிறவர். இருபது பெண்கள் அதில். நம்பிக்கை என்றால் அவருக்கு அதுதான் அளவு.

"சீட்டுல மொத ஆளு எடுத்துட்டு ஓட மாட்டா," என்றார் எனக்கு விளக்குகிற மாதிரி. "எங்க ஓடுவா? காலையில பெரட்டுல எங்க பக்கத்துலதான நிக்கணும். நோர்வேக்காரன் எங்க நிப்பான்னுதான் பயந்தேன்." கொழுந்துக் கறை படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "அம்மா இருக்காங்க, அடி வாங்குன புள்ளைங்க ஊரு ஊரா இருக்காங்க. அப்ப அவருக்கும் ஒரு லயம் இருக்குன்னு சொல்லு."

செவ்வாய், பிற்பகல் நான்கு. கடைக்குள் பனி பெஞ்சு வரைக்கும் வந்திருந்தது. கணினித் திரை மட்டும் அதற்குள் ஒரு சிறிய ஜன்னல்போல வெளிச்சமாக இருந்தது. திலகா ரமணனின் பதிலை இரண்டுதரம் படித்தாள்: "அம்மா என்னை மூன்றுதரம் போனில் கூப்பிட்டுவிட்டா. தயவுசெய்து சீக்கிரம் அனுப்புங்கோ." அவள் சிரித்தாள், சிரிப்பு முடிவதற்குள் அழுத்திவிட்டாள். எண் சுழியமாயிற்று. சத்தமில்லை, மணியில்லை. ஒன்றரை வருடம் போன இடத்தில் வெளியே ஒரு லாரி பின்னுக்கு வரும் ஓசை மட்டும் கேட்டது. "கை குளிருது அக்கா," என்றாள். என் கையும் குளிர்ந்துதான் இருந்தது.

வியாழன் காலை நான் கிளம்பினேன். பணம் வந்திருக்கவில்லை. நானுஓயாவில் ரயில் நகர்ந்தபோது நடைமேடையில் நின்ற அவளைப் பனி காலிலிருந்து மேலே மெல்ல அழித்துக்கொண்டு வந்தது. கடைசியில் அசைகிற கை மட்டும் இருந்தது. இறங்குமுகமான ரயிலில் நான் என் தாள்களைத் திறக்கவில்லை.

திருச்சியில் என் வங்கியில் ஒரு கவுண்டரில் டோக்கன் வாங்கி இன்னொரு கவுண்டரில் உட்கார்ந்திருப்பேன். அங்கே யாரும் நான் யார் மகள் என்று கேட்டதில்லை. அதை ஒரு வசதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சட்டம் தெளிவாக இருக்கிற நாட்டுக்காரர்களுக்கு அது வசதிதான். சட்டமில்லாத அந்த வெள்ளை வெளியில், அந்தக் கேள்விதான் காலுக்கடியில் தட்டுப்பட்ட ஒரே தரை. நாடு நாடாக நான் சேர்த்துவைத்திருந்த பட்டியலில் கரவெட்டிக்கு எந்த வரியில் இடம் என்று இன்னும் தெரியவில்லை.

செப்டம்பர் நான்காம் தேதி, திருச்சி தில்லைநகர் பூத்திலிருந்து கடை எண்ணுக்குக் கூப்பிட்டேன். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தது அவள்தான்.

"வந்துச்சா?"

"இருங்க அக்கா, ஒரு போட்டோ கொப்பி." ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். தகரக் கூரையில் மழை பெய்வது கேட்டது. யாரோ சிங்களத்தில் எவ்வளவு என்று கேட்டார்கள். அவள் சிங்களத்தில் விலை சொன்னாள். அவர்கள் பேரம் பேசினார்கள். அவள் ஒரு சதம்கூடக் குறைக்கவில்லை.

"இன்னும் இருக்கீங்களா?" என்றாள் திரும்பி வந்து. "வைங்க அக்கா, காசு ஓடுது. என் கடையில பேசுற ஆளுங்களையும் இப்பிடித்தான் வெரட்டுறேன்."