மேசையில் ஐந்து தட்டுகள்

பிள்ளைகளே, நியூசிலாந்தின் ஒக்லாந்தில் ஒரு ஸ்பானிய சாப்பாட்டுக் கடையில் உங்கள் சித்தப்பாவும் நானும் எதிரெதிரே இருக்கிறோம். மாட்டிறைச்சி வாட்டுவதில் பேர்போன கடையாம். நாங்கள் அதைத் தொடமாட்டோம் என்பதால் தம்பி உள்ளிப்பூண்டு போட்ட இறால், கணவாய், பொரித்த உருளைக்கிழங்கு என்று சின்னச் சின்னத் தட்டுகளாகச் சொல்லியிருக்கிறான். எல்லாவற்றையும் நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவதுதான் இந்தக் கடையின் முறை.

காலையில் நீங்கள் ஊரிலிருந்து இங்கே வருவதற்கான விசா விஷயமாக லோயரிடம் போய் வந்தவன் இன்னும் வாய் திறக்கவில்லை.

"லோயர் என்னடாப்பா சொன்னவர்?"

"முதல் சாப்பிடுங்கோ அண்ணை. இறால் ஆறுது."

என் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுப் பழக்கத்தில், மேசையில் வைத்திருக்கும் மற்ற மூன்று தட்டுகளிலும் உங்கள் அம்மாவுக்கும் உங்கள் இருவருக்கும் சேர்த்துப் பங்கு போடுகிறேன். சின்னவளின் இறாலுக்கு வாலைக் கிள்ளிவிடுகிறேன். தம்பி பார்த்துக்கொண்டு இருக்கிறான், தடுக்கவில்லை.

பரிமாறும் பெண் வருகிறாள். இன்னும் ஆட்கள் வர இருக்கிறார்களா, மற்றச் சாப்பாட்டை அதுவரை அடுப்படியில் சூடாக வைத்திருக்கட்டுமா என்று அன்பாகக் கேட்கிறாள். அவள் இங்கிலீசை ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திப் பேசுவதால் எனக்கே விளங்குகிறது.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து இங்கிலீசில் சொல்கிறான்: "இல்லை, அவர்கள் வரமாட்டார்கள். விசா மறுத்துவிட்டார்கள்."

அதுவும் எனக்கு விளங்குகிறது.

அவள் தலையாட்டிவிட்டு, ஆள் இல்லாத மூன்று தட்டுகளையும் எடுக்கக் கை நீட்டுகிறாள். நான் சின்னவளின் தட்டை விளிம்பில் பிடித்துக்கொள்கிறேன்.