கட்டம் போட்ட பாவாடைக்காரர்

சிட்லபாக்கத்தில் எதிர்வீட்டு சார், வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வந்து ஒரு பிஸ்கட் டப்பா கொடுத்தார். மூடியில் கட்டம் போட்ட பாவாடை கட்டிய தாடிக்காரர் மலைமேல் நின்று தோல்பை வாத்தியம் ஊதுகிறார். பின்னால் கோட்டை, பனிமூட்டம். திறந்ததும் வெண்ணெய் வாசனை. பிஸ்கட் அருமை. அந்த ஆளைத்தான் நம்ப முடியவில்லை.

அவரை எனக்கு முன்பே தெரியும். கேளம்பாக்கம் பக்கம் ஒரு கால் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஸ்காட்லாந்துக்காரர்களின் டெலிபோன் புகார்களைக் கேட்கவேண்டும். பயிற்சி தந்த ஷீலா மேடம் இதே ஆளைத் திரையில் காட்டினார்.

“ரோஷக்காரங்க, கொஞ்சம் கஞ்சம். பாவாடை, அந்தத் தோல்பை வாத்தியம்னா உயிர். அதப் பத்தி ஒரு வார்த்தை கேளுங்க, அப்படியே உருகிடுவாங்க.”

“நீங்க அங்க போயிருக்கீங்களா மேடம்?”

“போகணுமா என்ன? அதான் நெட்ல இருக்கே!”

அப்போதே எனக்குச் சந்தேகம். தாம்பரம் ஸ்டேஷனில் காலை வண்டிக்கு நிற்கிறவர்களில் யார் சிலம்பம் சுற்றிக்கொண்டு வருகிறார்கள்? ஆனால் கேட்காவிட்டால், ஒவ்வொரு போன் பேச்சுக்கும் மேடம் போடும் மார்க் போய்விடும். நான் மார்க்குக்கு அடிமை.

ஒரு மதியம் கிளாஸ்கோவிலிருந்து ஒரு பெரியவர், பக்கத்து வீட்டு போனில் பேசினார். தன் வீட்டு லைன் செத்துவிட்டது என்றார். நான் குரலில் தேன் தடவி, “பண்டிகைக்குப் பாவாடை கட்டுவீர்களா சார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.



“தம்பி, நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். ஒரே ஒரு தடவை, மகள் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துக் கட்டினேன். இடுப்பெல்லாம் அரிப்பு. என் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஆபரேஷன் முடிந்ததும் அந்த லைனில்தான் கூப்பிடுவார்கள். அதைச் சரிபண்ணு.”

காது சுட்டது. எழுதிக் கொடுத்த வசனத்தை மூடி வைத்தேன். அவசரம் என்று குறித்து, அனுமதி இல்லாமல் அந்த ஊர் ரிப்பேர் பிரிவை மூன்று முறை கூப்பிட்டுக் கெஞ்சினேன். சாயங்காலம் லைன் வந்துவிட்டதா என்று பக்கத்து வீட்டு எண்ணுக்கே போன் போட்டேன்.

“வந்துடுச்சு. ஆஸ்பத்திரியிலிருந்தும் கூப்பிட்டாங்க, அவ நல்லா இருக்கா,” என்றாள் போனை எடுத்த பக்கத்து வீட்டு அம்மாள். “அவர் பஸ் பிடிச்சுப் போயிருக்கார். உன்கிட்டக் கோபமாப் பேசிட்டேன்னு சொல்லச் சொன்னார்.”

அந்த வாரம் ஷீலா மேடம் என் மார்க்கைக் குறைத்தார். வசனத்தைப் பாதியில் விட்டது குற்றம்.

“இன்னா மச்சான், பாவாடை கிழிஞ்சிடுச்சா?” என்றான் பக்கத்து சீட்டு முருகன்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. அந்த மாடியில் ஜிம் நடக்கிறது. அந்த மாதிரி போன்களை இயந்திரக் குரல்தான் எடுக்கிறதாம். பெயர் சொல்லிக் கூப்பிடுமாம், ரொம்ப மரியாதையாம். இருக்கட்டும். ஒரு பெரியவர் அதட்டினால் கூனிக் குறுகிப்போக அங்கே ஆள் இல்லை.