ஸ்டியரிங் சும்மா சுற்றியபோது

மஸ்கெலியாவில் ஒரு தோட்டத்தில் வேலை இல்லையென்று சொல்லிவிட்டார்கள். ஹட்டனை நோக்கி மழையில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த ஜீப் ஒன்று நின்றது. ஓட்டியவர் ஒரு கடை முதலாளி. பக்கத்தில் அவர் மனைவி கைக்குழந்தையோடு இருந்தார்.

“ஏறுங்க தம்பி. ஸ்டியரிங் கொஞ்சம் ஆடும். நமக்குப் பழகிப்போச்சு,” என்றார் முதலாளி.

திறந்த பின்பக்கத்தில் ஏறிக்கொண்டேன். ஸ்டியரிங்கை அவர் கால் வட்டம் திருப்பிய பிறகே வண்டி திரும்பியது. இறக்கம் வந்ததும், எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுபோல், பெட்ரோலை மிச்சம்பிடிக்க எஞ்சினை நிறுத்தி வண்டியை உருளவிட்டார்.

“ஏங்க, எஞ்சினப் போடுங்க. புள்ள இருக்கு.”

“சும்மா இரு. ஒங்க அப்பாவா பெட்ரோல் ஊத்துறாரு?”

அடுத்த வளைவில் ஸ்டியரிங் அவர் கையில் சும்மா சுற்றியது. சக்கரங்கள் திரும்பவில்லை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பிரேக் போட்டும் ஈரத்தில் வண்டி வழுக்கியது. எந்தப் பக்கம் போகும் என்பது எங்கள் யார் கையிலும் இல்லை.

அந்த அம்மா குழந்தையை என்னிடம் நீட்டினார். “தம்பி, புள்ளையோட குதிச்சிருங்க!”

வாங்கிக்கொண்டேன். ஆனால் கால் எழவில்லை.

நல்லவேளை, வண்டி மண்மேட்டுப் பக்கத்தில் மழைநீர் ஓடும் காணில் இறங்கி நின்றது. அந்த அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு ஹட்டன் பக்கம் நடந்தார்.

இப்போதெல்லாம் யார் வண்டியானாலும், ஸ்டியரிங்கை அசைக்கச் சொல்லி முன்சக்கரத்தைப் பார்த்த பிறகே ஏறுகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அன்று ஜீப்பைப் பழுதுபார்க்க இழுத்துப்போன ஹட்டன் கராஜில் உதவிக்குக் கையாள் தேவைப்பட்டது. மறுநாள் காலை அங்கே சேர்ந்தேன். முதல் வேலையாக அதே ஜீப்பின் அடியில் படுத்தேன்.