எஞ்சினுக்கு ஊற்றிய மருந்து

பதினோரு லோரி வைத்திருக்கிறேன். கிள்ளானில் சொந்த இடத்தில் ஒரு பட்டறை, மேரு பக்கம் ஒரு வீடு, படித்து முடித்த மூன்று பிள்ளைகள். நானோ ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லைசன்ஸ் பாரத்தைக்கூட அடுத்தவரை வைத்து நிரப்பியவன். இவனா கம்பெனி நடத்தப் போகிறான் என்று சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று நான் சம்பளம் போடுகிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் என் பெரிய மகன், எங்களிடம் இருப்பதிலேயே வயதான லோரிக்கு ஊற்றுவதற்காக, எஞ்சினின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்யும் மருந்து ஒரு போத்தல் வாங்கி வந்தான்.

"சேஃப்னு போத்தல்லயே போட்டிருக்குப்பா."

பிடுங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். "பிரிக்பீல்ட்ஸ் தாத்தா ஊத்தின கதைதானே" என்று சிரித்தான். அந்தத் தாத்தா என் தாய்மாமா. கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தப்பாகத் தெரியும்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவிடம் ஒரே ஒரு லோரி, மூன்று கை மாறி வந்தது. செங்கல் ஏற்றுவார். அது ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அந்த வருடம் ஆயுத பூசைக்கு மாமா பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்தார். அப்பாவிடம் இரண்டாவது டிரைவராகச் சேர வேண்டும் என்று அவருக்கு ஆசை. வெறுங்கையோடு எப்படிக் கேட்பது என்று ஒரு டின் மருந்தும் கொண்டுவந்திருந்தார்.

"இத ஊத்தி கொஞ்ச நேரம் ஸ்டார்ட்ல விடணும் மச்சான். அப்புறம் பழைய ஆயில எறக்கிடணும். உள்ள இருக்குற கசடு பூரா கரைஞ்சி வந்துரும்."

"கெழட்டு எஞ்சின்லா இது. பூசை முடியட்டும், போர்மேன்கிட்ட கேப்போம்" என்று அப்பா டின்னை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

பூசை அன்று காலையில் அம்மா அரிவாள்மனையைப் புளி போட்டுத் தேய்த்தார். அப்பா ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்தார். சக்கரங்கள் என் பொறுப்பு. அழுக்குச் சாமானைச் சாமி முன்னால் வைத்தால் அந்த வருடம் தொழில் படுத்துவிடும் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எல்லாம் பளபளக்கும்போது எஞ்சின் வயிறு மட்டும் அழுக்காய் இருக்கலாமா? பெரியவர்கள் குளிக்கப் போன நேரம் பம்பர்மேல் ஏறி, ஆயில் ஊற்றும் வாய்க்குள் டின் முழுவதையும் நானே கவிழ்த்தேன். பிறகு ஆயிலை இறக்க வேண்டும் என்று மாமா சொன்ன மறுபாதி என் மண்டையில் ஏறவே இல்லை.

சூடம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயிலுக்குக் கிளம்பினோம். அப்பா ஓட்ட, மாமா ஓரத்தில், நான் நடுவில். கிள்ளான் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது, டேஷ்போர்டில் தொங்கிய சாமந்தி மாலைக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. குங்குமம் என்றுதான் நினைத்தேன். மாலை ஒருமுறை ஆடி விலகியது. எஞ்சினுக்கு ஆயில் போகவில்லை என்று எச்சரிக்கும் ஆயில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாலை மறைத்ததால் அப்பாவுக்குத் தெரியவில்லை.

சொன்னால் காரணம் கேட்பார், காரணம் தெரிந்தால் தோல் உரியும். இருந்தும் சொன்னேன்.

"அப்பா, ஆயில் வெளக்கு எரியுது. நிறுத்துங்க."

அப்பா அங்கேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். இன்னொரு லோரி எங்களைக் கட்டி இழுத்துப்போய், வழக்கமாக வண்டி பார்க்கும் சீனப் போர்மேனின் பட்டறையில் விட்டது. அவர் அடியில் படுத்து ஆயில் தொட்டியைக் கழற்றினார். ஆயிலை உறிஞ்சும் சல்லடை முழுக்கக் கறுப்புக் களி. விரலால் வழித்துக் காட்டினார்.

"பழைய அழுக்கு நல்லா தூங்குது லா. நீ எழுப்பினா எல்லாம் ஒண்ணா கீழ வந்து இங்க அடைக்கும். மேல ஆயில் போவாது. ஒழுங்கா ஆயில் மாத்துற புது எஞ்சின்னா ஊத்து, பரவால்ல. இவனுக்கு வேணாம்."

இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் எஞ்சின் இறுகியிருக்கும் என்றார். கசடைக் கையாலேயே துடைத்தெடுத்துப் புது ஆயில் ஊற்றினார். அதையும் சீக்கிரமே மாற்றச் சொன்னார். இன்றுவரை என் பழைய வண்டிகளுக்கு அதுதான் வைத்தியம்.

"யார்ரா ஊத்துனது?" என்றார் அப்பா.

என் சட்டை மருந்து வாடை அடித்துக்கொண்டிருந்தது. மாமா என் பக்கம் லேசாகக் குனிந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நான்தான் மச்சான்."

"கேக்காம கைய வச்சிட்டல்ல? இனிமே என் வண்டியில உன் கை படக்கூடாது."

மாமா மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். பிறகு ஒரு மளிகைக் கடையில் வயதாகும்வரை மூட்டை அடுக்கினார். லோரி ஓட்டவே இல்லை. அடி விழவில்லை என்ற சந்தோஷத்தில் நான் அன்று இரண்டு தட்டு சுண்டல் தின்றேன். அந்த ஒரு வார்த்தையில் மாமா எதைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது, எனக்கென்று ஒரு டிரைவரை வேலைக்கு வைக்கும்வரை எனக்குப் புரியவில்லை.

அந்த லோரிதான் என் கைக்கு வந்தது. அதிலிருந்துதான் இந்தப் பதினோரு லோரியும்.

இப்போது கம்பெனிக்குப் பிள்ளைகள் ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். அதில் மாமா ஊற்றிய மருந்து என்று ஒரு வேடிக்கைப் பக்கம் இருக்கிறதாம். அதைத் திருத்துங்கள். ஊற்றியவன் நான், என் பெயரைப் போட்டே எழுதுங்கள். பாலத்தில் நிறுத்தச் சொன்னவனும் நான்தான், அதையும் விட்டுவிடாதீர்கள். டிரைவர்கள் பட்டியலில் அப்பாவுக்கு அடுத்த பெயர் மாமாவுடையதாக இருக்க வேண்டும். அவர் ஒரு நாளும் ஓட்டவில்லையே என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். முதல் பிரதியை நானே பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கிறேன்.