இரண்டாவது சாவி

நான் குடியிருக்கும் ஜெர்மன் சிற்றூரில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் சாவி கிடந்தால், கண்டெடுத்தவர் அதைப் பக்கத்து வேலியில் கண்மட்டத்துக்கு மாட்டிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுவார். தொலைத்தவர் வந்த வழியே திரும்பி வந்து எடுத்துக்கொள்வாராம். எங்கள் பேருந்து நிறுத்தத்து வேலியில் ஒரு சைக்கிள் சாவி மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை.

ஆவணியில் அப்பா இறந்தபோது பாபநாசம் போனேன். வீட்டு வாசலில் நான் வாங்கிக் கொடுத்த கார் நின்றது. அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் தஞ்சாவூரில் டயாலிசிஸ். அப்பாதான் ஓட்டிக்கொண்டு போவார். முன்சீட்டைச் சாய்த்து, பழைய துண்டு ஒன்றை விரித்து, காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருப்பார், திரும்பும்போது அம்மாவுக்கு வாந்தி வரும் என்று. உண்மையைச் சொன்னால், எனக்குப் பதிலாக நான் ஊருக்கு அனுப்பி வைத்த ஆள் அந்தக் கார். மகன் பக்கத்தில் இல்லை, மகன் வாங்கிய வண்டி இருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

கருமாதி அன்று காலை சாமான்களை ஏற்றிக்கொண்டு நானே குடமுருட்டி ஆற்றங்கரைக்கு ஓட்டிப் போனேன். வேட்டிக்குப் பை ஏது? சாவியை இடுப்பு மடிப்பில் செருகினேன். பல வருடமாக பேண்ட்டிலேயே கிடந்தவனுக்கு மடியில் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே தங்கவில்லை. காரியம் முடிந்து முங்கி எழுந்ததும் ஐயர், "கட்டியிருந்தத ஆத்தோட விட்டுட்டு, புதுசக் கட்டிக்கிட்டு ஏறுங்க. திரும்பிப் பாக்கப்படாது" என்றார். விட்டேன். மூன்றாவது படியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது.

"செல்வம், சாவிடா" என்றேன். செல்வம் சித்தப்பா மகன். எங்கள் நிலத்தையும் அவன்தான் பார்க்கிறான். என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"திரும்பாதீங்கண்ணே. அப்பாவ அனுப்பிட்டு வர்றோம். அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் அவன் இறங்கித் துழாவினான். மேட்டூர்த் தண்ணீர் கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. காரைக் கட்டி இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பூட்டுக்காரர் கதவைத் திறந்து கொடுத்தார். ஆனால் சிப் வைத்த சாவி இல்லாமல் வண்டி கிளம்பாது, ஷோரூமுக்குத்தான் போக வேண்டும் என்று கையை விரித்தார்.

தஞ்சாவூர் ஷோரூமில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஆர்.சி. யார் பேர்ல இருக்குங்க சார்?"

"அப்பா பேர்ல."

"அப்ப சாரை ஒரு தடவை வரச் சொல்லுங்க. கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து என் மொட்டைத் தலையைப் பார்த்தவள் முகம் வாடிவிட்டது. "சாரிங்க சார். அப்படின்னா வாரிசு சர்டிபிகேட் வாங்கி, வண்டிய அம்மா பேருக்கு மாத்தணும். அதுக்கப்புறம்தான் சாவிக்கு ஆர்டர் போட முடியும். ரெண்டு மூணு மாசம் ஆயிடும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வண்டி எடுக்கறப்ப ரெண்டு சாவி குடுத்திருப்போமே சார்?" என்றாள்.

என் விடுப்பு முடிய நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். பீரோ, அரிசி டின், அப்பாவின் பட்டா சிட்டாப் பை, எதையும் விடவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எதையாச்சும் ஒழுங்கா ஒரு எடத்துல வெச்சிருக்காராம்மா இந்த மனுஷன்?" என்று கத்தினேன். மூன்று வாரம் முன்னால் செத்துப்போனவரை அப்படித் திட்டினேன். அம்மா கீழே கொட்டியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டறதுக்கு செல்வம் இருக்கான், சாவிதான் இல்ல. அதுவரைக்கும் வாடகைக் கார் வெச்சுக்கம்மா" என்றேன்.

"அடுத்தவங்க வண்டியில அசிங்கம் பண்ணச் சொல்றியா? நான் பஸ்ஸுல சன்னலோரமா உக்காந்து போய்க்குவேன். நீ கெளம்பு."

கிளம்பினேன். எனக்கு அதுதான் நன்றாக வரும்.

இங்கே வந்ததும் மேல்வீட்டு அம்மையார் என் மொட்டையைப் பார்த்து விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "நதியில் துணி போட அனுமதி உண்டா?" என்று முதலில் கேட்டார். பிறகு நிஜமான அக்கறையோடு, "நீ ஏன் அப்போதே திரும்பிப் பார்க்கவில்லை?" என்றார். 

மூன்று தடவை போன அம்மா வாரம் இரண்டு தடவையாகக் குறைத்தாள். பஸ்ஸில் நிற்க முடியவில்லை என்று என்னிடம் சொல்லவில்லை. செல்வம்தான் சொன்னான். வாரிசுச் சான்றிதழ் வந்தது. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தோம். ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் முழுக்க அவள் போகவில்லை. மூச்சு வாங்குகிறது என்று செல்வம் ஆம்புலன்ஸ் வைத்துக் கூட்டிப்போனான், வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது. கார் அதே இடத்தில் நின்றது, சாய்த்த சீட்டும் துண்டுமாக.

திரும்பி வந்த வாரத்தில் இங்கே முதல் பனி விழுந்தது. பெட்டியிலிருந்து தடித்த ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பைக்குள் கையை விட்டேன். சாவி.

குளிர் முடிகிற நேரம், பங்குனியில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது திருச்சி விமான நிலையம் வரை நான்தான் ஓட்டினேன். வண்டியை நிறுத்தியதும் பழக்கத்தில் சாவியைக் கையிலிருந்த ஜாக்கெட் பையில் போட்டிருக்கிறேன். அப்பா தன்னிடம் இருந்ததை வைத்து ஓட்டிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறார். அன்று கத்திய நேரத்தில் யோசித்திருந்தால், ஒரு கூரியரில் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் சாவி இது.

அதை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்து வேலியில், அந்த சைக்கிள் சாவிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்க்காதே என்று தோளைப் பிடிக்க இங்கே யாருமில்லை. பத்தடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.